அப்படியொன்றும் மோசமில்லை

மறுமதிப்பீட்டாளர் என்பவர் ஜேம்ஸ் பாண்ட் ரசிகர்களுக்குள் ஒரு தனி இனம். படங்களை மட்டும் பார்த்துவிட்டு ரசிகன் என்று சொல்லிக்கொள்பவர்களை இவர் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. இயன் ஃப்ளெமிங் எழுதிய 14 நூல்களையும் கரைத்துக் குடித்தவர்கள்கூட இவர் பார்வையில் பாதி ரசிகர்கள்தான். அந்தப் பதினான்கையும் ஊரே பாராட்டுகிறது. அதைத் தாமும் பாராட்டுவதில் என்ன பெருமை? ஃப்ளெமிங் இறந்த பிறகு பிறர் எழுதிய பாண்ட் நாவல்களில் ஒன்றை எடுத்துக்கொள்வார். வெளிவந்த நாளில் எல்லோருமாகச் சேர்ந்து கழுவி ஊற்றிய நாவலாக அது இருக்க வேண்டும். ஊற்றியவர்களில் தாமும் ஒருவராக இருந்திருந்தால் இன்னும் உத்தமம். பத்துப் பதினைந்து ஆண்டு கழித்து அதை மறுபடி படித்து, “அப்படியொன்றும் மோசமில்லை” என்று தீர்ப்பைத் திருத்துவதே இவர் பணி. சம்பளம் கிடையாது.

இவ்வினம் பெரும்பாலும் இங்கிலாந்தின் நடுத்தர ஊர்களில் காணப்படும். வயது ஐம்பதுக்கு மேல். வீட்டில் இவருக்கென்று ஒரு சின்ன அறை இருக்கும். இவர் அதை நூலகம் என்பார், மனைவி விருந்தாளி அறை என்பார். விருந்தாளி வந்து தங்கினால் கட்டிலுக்கு நேர் எதிரே வரிசையாக நிற்கும் பாண்ட் நூல்களைப் பார்த்தபடிதான் தூங்க வேண்டும். கேள்வி ஏதும் கேட்டால் தூக்கமும் கிடையாது.

இவருக்கு வேலை கிடைத்த வரலாறு 1964 ஆகஸ்ட் 12 அன்று தொடங்குகிறது. அன்று ஃப்ளெமிங் 56 வயதில் மாரடைப்பால் இறந்தார். முதல் நாவலான ‘கசினோ ராயல்’ 1953-இல் வெளிவந்திருந்தது. இடைப்பட்ட 11 ஆண்டுகளில் பாண்ட் உலகச் சொத்தாகிவிட்டார். எழுதியவர் போய்விட்டார், எழுதப்பட்டவர் திடகாத்திரமாக இருந்தார். உரிமையை வைத்திருந்த கிளிட்ரோஸ் நிறுவனம் கடையை மூட விரும்பவில்லை. 1968-இல் கிங்ஸ்லி ஏமிஸ், ராபர்ட் மார்க்கம் என்ற புனைபெயரில் ‘கர்னல் சன்’ எழுதினார். 1981 முதல் 1996 வரை ஜான் கார்ட்னர் 14 நாவல்கள் எழுதி, எண்ணிக்கையில் ஃப்ளெமிங்கைத் தொட்டார். அடுத்து ரேமண்ட் பென்சன் ஆறு. பிறகு செபாஸ்டியன் ஃபாக்ஸ், ஜெஃப்ரி டீவர், வில்லியம் பாய்ட் ஆளுக்கு ஒன்று. ஆண்டனி ஹோரோவிட்ஸ் மூன்று. 2023-இல் மூன்றாம் சார்லஸின் முடிசூட்டு விழாவை ஒட்டி சார்லி ஹிக்சன் ஒன்று. திரைக்கதையிலிருந்து நாவலாக்கியவற்றையும் சிறுவன் பாண்ட் கதைகளையும் தள்ளிவிட்டுப் பார்த்தாலே அசலைப்போல இருமடங்கு தொடர்ச்சி சேர்ந்துவிட்டது. மறுமதிப்பீட்டாளருக்கு இந்தப் பிறவியில் வேலையில்லாத் திண்டாட்டம் வராது.

நாவல் வெளியாகும் நாளன்றே அவர் அதை வாங்கிவிடுவார். முதல் வாசிப்பு எப்போதும் கோபத்தில்தான் முடியும். கோபத்துக்குக் காரணம் கதையாக இருக்காது; முட்டையாக இருக்கும். ஃப்ளெமிங்கின் பாண்ட் காலையில் சாப்பிடும் முட்டை சரியாக மூன்றேகால் நிமிடமும் அல்லாமல் மூன்றரை நிமிடமும் அல்லாமல், மூன்றும் மூன்றில் ஒரு பங்கும் நிமிடம் வேக வேண்டும். ஓடு பழுப்பாக இருக்க வேண்டும். கோழி மாரான் என்ற பிரெஞ்சு இனமாக இருக்க வேண்டும். ‘ஃப்ரம் ரஷ்யா, வித் லவ்’ நாவலில் இவ்வளவும் இருக்கிறது. புதிதாக வந்தவர் பாண்டுக்கு ஆம்லெட் போட்டுக் கொடுத்தால் தொலைந்தார். வில்லன் பாதி உலகத்தை அழித்தாலும் பொறுத்துக்கொள்ளும் மறுமதிப்பீட்டாளர், காப்பி எந்தப் பாத்திரத்தில் இறங்கியது என்பதில் பிசகு வந்தால் புத்தகத்தை மூடிவிடுவார்.

இந்தக் குணத்துக்கு ஒரு குலதெய்வமும் உண்டு. ஜெஃப்ரி பூத்ராய்ட் என்ற துப்பாக்கி நிபுணர் 1956-இல் ஃப்ளெமிங்குக்குக் கடிதம் எழுதினார். பாண்ட் வைத்திருக்கும் .25 பெரெட்டா பெண்கள் கைப்பைக்குத்தான் லாயக்கு என்பது கடிதத்தின் சாரம். ஃப்ளெமிங் கோபித்துக்கொள்ளவில்லை. ‘டாக்டர் நோ’ நாவலில் பெரெட்டாவைப் பிடுங்கிவிட்டு வால்தர் பிபிகே-யைக் கொடுத்தார். கொடுக்கும் ஆயுத அதிகாரிக்கு மேஜர் பூத்ராய்ட் என்றே பெயர் வைத்தார். ஒரு வாசகர் குறை சொல்லி, குறை சொன்னதற்காகவே கதைக்குள் இடம்பிடித்த சம்பவம் இது. அன்றிலிருந்து ஒவ்வொரு ரசிகரும் குறை சொல்லும்போது மனதின் ஓரத்தில் ஒரு மேஜர் பதவியை எதிர்பார்த்தே சொல்கிறார்.

ஃப்ளெமிங்கே தவறு செய்தவர்தான். பால்மெய்ன் தயாரித்த வாசனைத் திரவியத்தை டியோர் கணக்கில் எழுதினார். ஓரியன்ட் எக்ஸ்பிரஸ் ரயிலுக்கு இல்லாத வகை பிரேக்கைப் பொருத்தினார். வாசகர் கடிதங்கள் வந்தன, அவரும் ஒப்புக்கொண்டார். மூலவர் செய்த தவறு ரசிகர்களிடையே திருவிளையாடல் ஆகிவிடும். வாரிசு செய்தால் அது அறியாமை.

1981-இன் பெரிய அபசாரம் கார். கார்ட்னர் தம் முதல் பாண்ட் நாவலான ‘லைசென்ஸ் ரின்யூட்’டில் பாண்டுக்கு ஒரு ஸாப் 900 டர்போ கொடுத்தார். சிகரெட்டைக் குறைத்தார், பிடித்த கொஞ்சத்தையும் தார் குறைந்ததாக மாற்றினார். சூப்பர்சார்ஜர் வைத்த பழைய பென்ட்லியில் போனவரை, பனிக்காலத்தில் நம்பகமாகக் கிளம்பும் ஸ்வீடன் குடும்பக் காரில் ஏற்றியது ரசிகர்களுக்குத் தாங்கவில்லை. “ஸாப்!” என்ற ஒற்றைச் சொல்லே அந்நாளில் முழு விமர்சனமாக இருந்தது. பிறகு காலம் தன் வேலையைச் செய்தது. 2011 டிசம்பரில் ஸாப் கார் நிறுவனம் திவாலானது. சாலையில் அந்தக் கார் அருகிப்போக அருகிப்போக அதன் மதிப்பு ஏறியது. இன்று மறுமதிப்பீட்டாளர் அதே அத்தியாயத்தைப் படித்துவிட்டு, “கார்ட்னருக்கு என்ன ரசனை!” என்கிறார். நாவலில் ஒரு கமாகூட மாறவில்லை. ஒரு கம்பெனி மூழ்கியது, அவ்வளவுதான்.

கோபப்பட்ட நூலை அவர் பழைய புத்தகக் கடையில் போடுவதில்லை. போட்டால் வரிசையில் பல் விழுந்த இடம் போலத் தெரியும். ஆகவே அது அலமாரியிலேயே இருந்து தண்டனைக் காலத்தைக் கழிக்கிறது. இதற்கிடையில் அதன் விலை ஏறிவிடுவதும் உண்டு. கார்ட்னரின் கடைசிக் காலத்துக் கெட்டி அட்டைப் பதிப்புகளை பிரிட்டனில் குறைவாகவே அச்சிட்டார்கள். 1996-இன் ‘கோல்டு’ முதல் பதிப்பு, மேலட்டை கிழியாமல் இருந்தால், சேகரிப்பாளர்கள் துரத்தும் பொருள். வாங்கிய விலையைப்போலப் பல மடங்கு தரும் நூலைக் குப்பை என்று தொடர்ந்து சொல்லிக்கொண்டிருக்க யாருக்கும் வாய் கூசும். இலக்கிய மதிப்பீட்டில் சந்தை விலைக்குப் பங்கில்லை என்று அவர் அடித்துச் சொல்வார். சொல்லும்போது கை அந்த மேலட்டையின் பிளாஸ்டிக் உறையை நீவிக்கொண்டிருக்கும்.

தீர்ப்பு மாறுவதற்கு முதன்மைக் காரணம் வேறு. அடுத்த நாவல் வருவதே அது. சுடுகாட்டில் பிணத்தின் கோடித் துணியைத் திருடியவனை ஊர் திட்டியது. அவன் மகன் தலையெடுத்து அதைவிடக் கேவலமாக நடந்து, “அப்பனே தேவலை” என்று சொல்ல வைத்து அப்பனுக்கு நல்ல பெயர் வாங்கித் தந்தான் என்றொரு பழங்கதை உண்டு. தொடர்ச்சி நாவல்களின் விமர்சன வரலாறு முழுவதும் அந்தச் சுடுகாட்டுக்குள் அடங்கிவிடும். ‘கர்னல் சன்’ வந்தபோது முணுமுணுத்தவர்கள், கார்ட்னர் வந்ததும் ஏமிஸை இலக்கியவாதி என்றார்கள். பென்சன் வந்ததும் கார்ட்னர் கைதேர்ந்த தொழிலாளி ஆனார். இலக்கியப் பெயர் பெற்ற ஃபாக்ஸ் வந்ததும், பென்சனுக்காவது பாண்டின் மேல் உண்மையான பாசம் இருந்தது என்றார்கள். டீவர் 2011-இல் ‘கார்ட் பிளாங்ஷ்’ நாவலில் பாண்டை ஆப்கானிஸ்தான் போருக்குப் போய்வந்த இளைஞனாக்கி, கையில் கைபேசியும் செயலிகளும் கொடுத்தார். உடனே ஃபாக்ஸின் நாவல் 1967-இல் நடப்பதே ஒரு சாதனையாகத் தெரிந்தது. எந்த எழுத்தாளரும் தம் நூலால் நற்பெயர் எடுப்பதில்லை. அடுத்தவர் வந்து எடுத்துத் தர வேண்டியிருக்கிறது.

மறுவாசிப்பு நடக்கும் விதத்தைக் கிட்டத்தில் பார்ப்பதற்கு 1993-இன் ‘நெவர் செண்ட் ஃப்ளவர்ஸ்’ பொருத்தமானது. டிராகன்போல் என்ற முன்னாள் நாடக நடிகர்தான் அதில் கொலைகாரர். உச்சக்கட்டம் பாரிஸுக்கு அருகே அதற்கு முந்தைய ஆண்டுதான் திறந்திருந்த யூரோ டிஸ்னியில். குறி வைக்கப்படுபவர்கள் இளவரசி டயானாவும் அவருடைய இரு பிள்ளைகளும். பாண்ட் மிக்கி மவுஸ் ஊரில் அலைகிறார். மறுமதிப்பீட்டாளரின் பிரதியில் அந்த அத்தியாயத்தின் ஓரத்தில் 1993-ஆம் ஆண்டுப் பென்சில் குறிப்பு ஒன்று இருக்கும்: “என்ன இது?” அடுத்த பக்கத்தில் மறுபடி, “என்ன இது??” அதற்கடுத்த பக்கத்தில் கேள்விக்குறியின் அழுத்தத்தில் தாள் கிழிந்திருக்கும். மறுவாசிப்பில் நீல மை வருகிறது. முதல் குறிப்பின் கீழே “துணிச்சல்.” இரண்டாவதன் கீழே “கேளிக்கைப் பூங்காவின் செயற்கைத்தனம் × உளவுத்தொழிலின் செயற்கைத்தனம்!” மூன்றாவதன் கீழே ஒட்டுத்தாள் ஒட்டப்பட்டிருக்கும், கிழிந்த இடத்தைச் சரிசெய்ய.

1983-இன் ‘ஐஸ்பிரேக்கர்’ வேறு வகை. ஃபின்லாந்துப் பனியில் நடக்கும் அக்கதையில் ஒவ்வொருவரும் ஒவ்வொருவரையும் ஏமாற்றுகிறார்கள். ஏமாற்றியவர் நல்லவர் என்று தெரிந்த அடுத்த அத்தியாயத்தில் அந்த நல்லவரும் ஏமாற்றுகிறார். முதல் வாசிப்பில் குழம்பிப்போன மறுமதிப்பீட்டாளர் யார் யார் பக்கம் என்று ஒரு துண்டுச்சீட்டில் குறித்து, அம்புக்குறி போட்டு, அடித்து, திருப்பிப் போட்டிருந்தார். பல ஆண்டு கழித்து எடுத்தபோது சீட்டு உள்ளேயே இருந்தது. அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்து முடித்தவர், கதையமைப்பு பளிங்கு போலத் தெளிவாக இருப்பதாக நண்பர்களிடம் அறிவித்தார்.

இவருடைய சொற்கள் கவனிக்கத் தக்கவை. முன்பு ‘இழுவை’ என்றது இப்போது ‘நிதானம்’. முன்பு ‘குழப்பம்’, இப்போது ‘பல அடுக்கு’. ஃப்ளெமிங் சாயல் இல்லாவிட்டால் முன்பு துரோகம். இப்போது நகலெடுக்க மறுத்த நேர்மை. சாயல் அப்படியே இருந்தால் முன்பு மிமிக்ரி, இப்போது அஞ்சலி. ஆக, ஒரு நூலுக்கு எதிராகச் சொல்லப்பட்ட எதையும் வீணாக்காமல் அதன் பக்கமே திருப்பிவிடலாம். நல்ல வக்கீல்கள் செய்யும் வேலைதான், ஆனால் வாதியும் பிரதிவாதியும் நீதிபதியும் இங்கே ஒரே ஆள்.

ஆண்டுக்கு ஓரிரு முறை இவ்வினத்தார் லண்டனில் ஏதாவதொரு விடுதியில் கூடிச் சாப்பிடுவார்கள். அங்கே நடக்கும் உரையாடல்கள் ஏறத்தாழ இப்படி இருக்கும்:

“நீங்கள்தானே அதைக் குப்பை என்றீர்கள்?”

“என்றேன். இப்போதும் குப்பைதான். ஆனால் அந்தக் காலத்துக் குப்பையில் இருந்த நேர்த்தி இன்றைக்கு வருகிற குப்பையில் எங்கே இருக்கிறது?”

இதற்குப் பின் சிறிது நேரம் மரியாதையான மௌனம். பிறகு இனிப்பு வரும்.

மறுமதிப்பீட்டாளரின் பரம வைரி மூலவாதி. ஃப்ளெமிங்கோடு பாண்டும் செத்தார் என்பது இவர் கட்சி. ஆசிரியர் மறைவுக்குப் பின் 1965-இல் வந்த ‘தி மேன் வித் த கோல்டன் கன்’ நாவலைக்கூடச் சந்தேகத்தோடுதான் தொடுவார். கைப்பிரதியைப் பார்க்கச் சொல்லி ஏமிஸிடம் கொடுத்தார்களாம், அவர் எங்கே கை வைத்தாரோ என்ற கவலை. இக்கட்சியின் முதல் தலைவி ஃப்ளெமிங்கின் மனைவி ஆன். கணவரின் நாயகனை இன்னொருவர் எழுதுவது அவருக்கு அறவே பிடிக்கவில்லை. ‘கர்னல் சன்’ நாவலுக்கு அவர் ஒரு ஞாயிறு ஏட்டுக்காக எழுதிய மதிப்புரை அத்தனை காரமாக இருந்ததால் அச்சேறவே இல்லை.

மறுமதிப்பீட்டாளர் கட்சிக்கு மிகப் பெரிய வெற்றி கிடைத்ததும் அதே நாவலால்தான். ஏமிஸின் கதையில் பாண்டின் தலைவர் எம் தம் வீட்டிலிருந்தே கடத்தப்படுகிறார். தேடிக்கொண்டு பாண்ட் ஒரு கிரேக்கத் தீவுக்குப் போய், சீன ராணுவக் கர்னல் சன் லியாங்-டானிடம் சிக்கிச் சித்திரவதைப்படுகிறார். அந்தச் சித்திரவதைக் காட்சி 2015-இன் ‘ஸ்பெக்டர்’ படத்தில் உருமாறி வந்தது. திரையரங்கில் எல்லோரும் எழுந்து கோட்டு மாட்டிக்கொண்டிருக்க, ஒருவர் மட்டும் உட்கார்ந்தே இருந்தார். ஒப்பனை உதவியாளர்கள், மின்பணியாளர்கள், ஊர்திப் பொறுப்பாளர்கள் என்று பெயர்கள் மேலே போய்க்கொண்டே இருந்தன. கடைசியில் கிங்ஸ்லி ஏமிஸின் வாரிசுகளுக்கு நன்றி தெரிவிக்கும் வரி ஓடியது. 47 ஆண்டுகளாகக் காத்திருந்த வரி. பெருக்கும் பையன் விளக்குமாற்றோடு நிற்க, அவர் தனியாகக் கைதட்டினார்.

எல்லாத் திருத்தமும் மேல்நோக்கியே போவதில்லை. ஃப்ளெமிங்கின் நூற்றாண்டான 2008 மே 28 அன்று வந்த ஃபாக்ஸின் ‘டெவில் மே கேர்’ ஏறி இறங்கி ஏறுகிறது. அதன் வெளியீட்டுக்குத் தேம்ஸ் நதியில் எக்ஸெட்டர் என்ற போர்க்கப்பலையே கொண்டுவந்தார்கள். பெங்குவின் நிறுவனத்தின் புனைகதைக் கெட்டி அட்டை நூல்களில் அதற்கு முன் எதுவும் அத்தனை வேகமாக விற்றதில்லை. போர்க்கப்பல் போனதும் ரசிகர்கள் நிதானமாகப் படித்தார்கள். வில்லன் கோர்னரின் ஒரு கை குரங்குக் கை. அவர் டென்னிஸில் ஏமாற்றுகிறார். ‘கோல்டுஃபிங்கர்’ வில்லன் கோல்ஃபில் ஏமாற்றியது எல்லோருக்கும் நினைவுக்கு வந்தது. ஆறே வாரத்தில் எழுதினேன் என்று ஆசிரியர் சொன்னதும் சேர்ந்துகொண்டது. “ஆறு வாரத்தில் எழுதினால் இப்படித்தான்” என்பது ஒரு பத்தாண்டுக் காலத் தீர்ப்பு. இப்போது மறுமதிப்பீடு தொடங்கிவிட்டது. ‘கசினோ ராயல்’ நாவலை ஃப்ளெமிங் ஜமைக்காவில் ஏறத்தாழ இரண்டு மாதத்தில் முடித்தாரே, அதை யாரும் அவசரம் என்றார்களா என்பது புதிய வாதம். வலுவான வாதம்தான், அதே வேகத்தில் எழுதி ‘கசினோ ராயல்’ வரவில்லையே என்பதுதான் அதிலுள்ள ஒரே ஓட்டை.

பாய்டின் ‘சோலோ’ 2013-இல் வந்தபோது எழுந்த முதல் புகார், பாண்டுக்கு அதில் 45 வயது என்பது. தொடங்கும்போதே தனியாகப் பிறந்தநாள் கொண்டாடுகிறார். கிழவர் கதை என்றார்கள். சொன்னவருக்கு இப்போது அறுபதாகிவிட்டது. 45 வயதுப் பாண்ட் சின்னப் பையனாகத் தெரிகிறார். இரண்டாவது புகார் ஓர் அடிக்குறிப்பு. சாலட்டின் மேல் ஊற்றும் வினிகிரெட் செய்முறையை, பாண்டின் சொந்தச் செய்முறை என்று, பாய்ட் பக்கத்தின் அடியில் கொடுத்திருந்தார். உளவு நாவலா, சமையல் குறிப்பா என்று கேலி செய்தவர் மறுவாசிப்பின்போது சோதனைக்காகச் செய்துபார்த்தார். நன்றாகவே வந்தது. ஞாயிறுதோறும் அந்த வீட்டில் இன்றும் அதுதான். அலமாரி நிறையத் தொடர்ச்சி நாவல்களால் குடும்பத்துக்கு விளைந்த ஒரே நன்மை என்று மனைவி அதைக் குறிப்பிடுவார்.

ஹோரோவிட்ஸ் இவருக்குப் பெரிய சங்கடம். ‘ட்ரிகர் மார்ட்டிஸ்’ 2015-இல் வந்த நாளிலேயே நல்ல பெயர் வாங்கிவிட்டது. ஃப்ளெமிங் விட்டுச்சென்ற தொலைக்காட்சிக் கதைக் குறிப்பு ஒன்றையும் பயன்படுத்தியிருந்ததால் மூலவாதிகள்கூட அதட்டவில்லை. எல்லோரும் முதலிலேயே புகழ்ந்துவிட்ட நூலைப் பிற்காலத்தில் மீட்டெடுக்க முடியாது. தாழ்த்தத்தான் முடியும், அது இவர் சுபாவத்துக்கு ஒத்துவராது. எனவே அம்மூன்று நாவல்களும் அலமாரியில் வேலையில்லாமல் நிற்கின்றன.

இந்த ஆட்களை ஏளனமாக ஒதுக்கிவிடவும் முடியாது. வேலை இவர்கள் கைக்கே போய்ச் சேர்ந்த கதையும் உண்டு. ஏமிஸ் 1965-இல் பாண்ட் நூல்களை வரிவரியாக அலசி ஓர் ஆய்வுநூல் எழுதியிருந்தார். மூன்றே ஆண்டில் நாவல் எழுதும் பொறுப்பு வந்தது. அமெரிக்கரான பென்சன் 1984-இல் பாண்ட் பற்றித் தடித்த கையேடு ஒன்று வெளியிட்டு, ஃப்ளெமிங்கையும் ஏமிஸையும் அப்போதுதான் தொடங்கியிருந்த கார்ட்னரையும் தராசில் நிறுத்தினார். 1997-இல் அவரே கார்ட்னரின் நாற்காலியில் உட்கார்ந்தார். ரசிகர்கள் அவருடைய தராசையே தூக்கிக்கொண்டு அவரிடம் வந்தார்கள். நடை தட்டை என்றார்கள். காஞ்சன்ஜங்கா மலையில் பாண்டை ஏற்றிய அவருடைய ‘ஹை டைம் டு கில்’ 1999-இல் வந்தது. அதன் மறுமதிப்பீடு இப்போது மும்முரமாக நடக்கிறது; மலையேற்றப் பகுதிகள் அப்படியொன்றும் மோசமில்லை என்று தெரியவந்திருக்கிறது. அது உண்மையும்கூட.

மறுமதிப்பீட்டாளர்கள் தயாரிக்கும் தரவரிசைகள் ஆண்டுதோறும் மாறும். ஒரு நூலுக்கு மட்டும் அசைவில்லை. ஃப்ளெமிங்கின் நண்பரும் தென்னாப்பிரிக்க எழுத்தாளருமான ஜெஃப்ரி ஜென்கின்ஸ், 1960-களின் நடுவில், ஏமிஸுக்கும் முன்பே, ‘பெர் ஃபைன் அவுன்ஸ்’ என்றொரு பாண்ட் நாவல் எழுதிக் கொடுத்தார். கிளிட்ரோஸ் அதை ஏற்கவில்லை. அது அச்சாகவில்லை, கைப்பிரதியில் சில பக்கங்களே மிஞ்சியிருப்பதாகத் தெரிகிறது. எல்லோரும் ஒருமனதாக ஏங்கும் தொடர்ச்சி நாவல் அதுதான். முழுதாகப் படித்த ரசிகர் ஒருவரும் இல்லாததால், அதன் முட்டையைப் பற்றி இன்றுவரை ஒரு புகாரும் வந்ததில்லை.